நான் அடித்த வரி

“அப்ப நான் பாத்தது பாத்ததில்லீங்களா சார்?”

கோபமில்லை, குரல்கூட உயரவில்லை. முகாமில் ராகிக் களி வெந்துகொண்டிருந்தது. விலங்குக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஏழாவது வரியை நான் பேனாவால் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாட்சர் அண்ணன் கேட்டார். “அப்படியில்லண்ணா, நானும் பாத்திருக்கணும். அதான் ரூல்” என்றேன். அப்படி ஒரு ரூல் இருக்கிறதா என்று இப்போது யாராவது கேட்டால் நெஞ்சைத் தொட்டு ‘ஆமாம்’ சொல்ல மாட்டேன்.

அன்று காலை அஞ்செட்டிப் பக்கக் காட்டில் லைன் நடந்துகொண்டிருந்தோம், அதாவது ஒரே நேர்க்கோட்டில் நடந்து கண்ணில் படும் விலங்குகளை எழுதுவது. விடிந்தும் விடியாத நேரம், இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோடு. வாட்சர் அண்ணன் முன்னால், நடுவில் நான், பின்னால் படிவத்தோடு ஒரு கல்லூரித் தம்பி. இடப்பக்கம் நின்ற புள்ளிமான் கூட்டத்துக்கு நான் திசைகாட்டியில் கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வலப்பக்கம் கையை நீட்டி, “கொண்டுகுரி” என்றார். நான் நிமிர்ந்தபோது உண்ணிச்செடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். கொண்டுகுரி என்றால் நாற்கொம்பு மான். தம்பி எழுதிவிட்டான்: ஏழு, நாற்கொம்பு மான், ஒன்று.

“கொம்பு பாத்தீங்களாண்ணா?”

“இல்ல சார், பொட்டை.”

சிக்கலே அங்கேதான். நான்கு கொம்பு கிடாவுக்குத்தான். பெட்டைக்கு ஒன்றுகூடக் கிடையாது. கொம்பில்லாத, பழுப்பான, இடுப்புயரம்கூட வராத ஒரு உருவம், அரை வெளிச்சத்தில், மூன்று விநாடி. கேளையாடாக இருக்கலாம், கடமான் குட்டியாகவும் இருக்கலாம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றேன். “முன்னங்கால்ல கருப்பா கோடு ஓடுச்சு. நடையும் வேற சார், விட்டு விட்டு, வெடுக்கு வெடுக்குன்னு வெச்சு நடந்துச்சு.”

அந்தக் கால் கோடுதான் என்னைக் குழப்பியது. கணக்கெடுப்புக்கு முந்தின நாள் படங்களைக் காட்டி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தவன் நான். காலின் முன்பக்கக் கருங்கோட்டைப் பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டியதும் நானே. என் சொல்லை எனக்கே திருப்பிச் சொல்கிறாரா? மனிதன் தேடுவதைப் பார்க்கும் கண்ணை வைத்திருக்கிறான், இதை நான் பல பேரிடம் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த வெடுக்கு நடையை நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கொண்டுகுரி என்ற பெயர் என் படங்களில் எங்கும் இல்லை. அவருடைய அப்பா காலத்துப் பெயர் அது.

அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம், உறுதியில்லாத பதிவு கணக்கைக் கெடுக்கும் என்பது. ஆற அமர யோசித்தால் அதுவும் நிற்கவில்லை. லைன் நடந்து அடர்த்தி கணக்கிட ஒரு இனத்துக்கு 40 பதிவாவது வேண்டும் என்பார்கள். புள்ளிமானுக்குக் கிடைக்கும். இந்த மானுக்கு ஒரு சீசனில் ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம். ஒரு வரியால் கெடுவதற்கு அங்கே கணக்கே இல்லை. இந்த மான் இங்கே இருப்பதும் புதிய செய்தியல்ல. இந்தப் பக்கத்துக் காவிரி வடக்கு சரணாலயம் 2014-இல் வந்தது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் காவிரி தெற்கை, சுமார் 686 சதுர கிலோமீட்டரை, அறிவித்தபோது நீர்நாய், முதலையோடு நாற்கொம்பு மானையும் பெயர் சொல்லித்தான் அறிவித்தார்கள். என் படிவத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த மானுக்கு ஒரு நட்டமும் இல்லை.

இவ்வளவு கறாரானவன் என்றால் சரி. அதே வாரம் ஆற்றோரம் பறவைகளை எழுதும்போது, நீர்மருது உச்சியிலிருந்து வெயிலுக்கு எதிராக எழும்பிப்போன ஒரு கழுகை, உருவத்தை மட்டும் வைத்து ‘சிறிய மீன்கழுகு’ என்று எழுதினேன். கூட வந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த வரியை யாரும் அடிக்கவும் இல்லை. அதை நினைக்கிற நாளில் சாப்பாடு இறங்குவதில்லை. இல்லை, இது மிகை. சாப்பிடத்தான் செய்கிறேன்.

மறுநாள் நடை முடிந்ததும் அண்ணன், “ஒரு அஞ்சு நிமிசம் வாங்க சார்” என்று ஓடைக்கு மேலே கூட்டிப்போனார். உசிலை மரத்தடியில் முறத்தளவு இடத்தில் புழுக்கைக் குவியல். அடியில் கிடந்தது வெளுத்து உதிர்ந்திருந்தது. மேலே கிடந்தது கருகருவென்று, பனி பட்ட பளபளப்போடு. நாற்கொம்பு மான் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் போடும் என்று புத்தகத்தில் படித்தவன், முதல்முறையாக அங்கே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அவர் எதுவும் பேசவில்லை. நேற்றைய வரியைப் பற்றியும் கேட்கவில்லை.

நான் சொன்னது: “ஆனா இது லைன்ல இல்லையேண்ணா.”

அது உண்மைதான். லைனிலிருந்து நன்றாக விலகியிருந்தது. தடயம் என்று தனிப் படிவத்தில் எழுதியிருக்கலாம். தடயம் பார்க்கும் மூன்று நாளும் முன்பே முடிந்துவிட்டது, படிவங்களைக் கட்டி அனுப்பியாயிற்று. ஒரு போன் போட்டால் சேர்த்திருப்பார்கள். போடவில்லை. முதல் நாள் அடித்த வரிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம் என்று இப்போது எழுதுகிறேன். அன்று அதற்கு ‘ஒழுங்கு’ என்று பெயர் வைத்திருந்தேன். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னும் போனில் இருக்கிறது, அளவுக்குப் பக்கத்தில் அவர் வைத்த தீப்பெட்டியோடு.

அடுத்த முறையும் அதே லைன், அதே அண்ணன் முன்னால். அவர் நடை மாறியிருந்தது. எதையாவது கண்டால் பெயர் சொல்வதில்லை. கையை மட்டும் தூக்கி நின்றுவிடுவார், நான் பார்த்துச் சொல்லும்வரை. மூன்றாம் நாள் ஓடை திருப்பத்தில் அப்படித்தான் நின்றார். நான் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் செடி ஆடி அடங்கிவிட்டது.

“என்னண்ணா அது?”

“ஒண்ணுமில்ல சார், வாங்க.”