முப்பதாம் நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். எடை 1,600 கிராம். மூச்சுத்திணறலுக்கு ஆக்ஸிஜன் வைத்து, 22 நாள் என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தாள். பெங்களூர் ஸ்ரீராமபுரம் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, பால் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, இனிப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ‘ஆர்.ஓ.பி. பரிசோதனை’ என்று ஒரு வரி இருந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய்க்கான பரிசோதனை அது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எடை பார்க்கப் போன கிளினிக்கில் ஒரு நர்ஸ்தான் அதைக் கவனித்து, “கண் காட்டிட்டீங்களா? முப்பது நாளுக்குள்ள காட்டணும்” என்றார். அன்று 27ஆம் நாள். அத்தையோ, “முப்பது நாள் முடியாம பச்சப்புள்ளைய வெளிய தூக்காதீங்க” என்றார். கேட்கவில்லை, 29ஆம் நாள் போய்விட்டோம்.

டாக்டர் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை எட்ட ஏறக்குறைய பத்து மாதமும் ஆகுமாம். முன்னாடியே பிறந்தால் வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. ரத்தம் கிடைக்காத ஓரப் பகுதி அதற்காக ஏங்கி ஒரு வேதிப்பொருளைச் சுரக்க, தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. முற்றினால் அவை விழித்திரையையே பிய்த்துவிடும். அமெரிக்காவில் பொதுவாக 30 வாரம், 1,500 கிராம் வரை உள்ள குழந்தைகளைத்தான் பார்ப்பார்களாம். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருவதால், 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ பார்த்தே ஆகவேண்டும்.

முதல் நாள் ‘இரண்டாம் நிலை’ என்றார். அடுத்த வாரம் குழாய்கள் புடைத்து நெளிந்திருந்தன. 48 மணி நேரத்துக்குள் லேசர். ஊசி மருந்தும் உண்டு, ஆனால் இவளுக்கு லேசர் போதும் என்றார். “விழித்திரையைச் சுட்டால் பார்வை போகாதா?” என்று கேட்டேன். “ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாத்துறோம்மா” என்றார்.

வெள்ளைத் துணியில் சுற்றி, இமைகள் மூடாமலிருக்கச் சின்னக் கம்பிக் கிளிப் மாட்டினார்கள். நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவள் அழுகையை வெளியே நின்று கேட்டேன். கண்கள் வீங்கிச் சிவந்து வந்தாள். வாங்கிய உடனே மார்பைத் தேடினாள்.

கர்நாடகத்தில் 2008 முதல் ‘கிட்ராப்’ திட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் கேமராவோடு மாவட்டங்களுக்கே போய், இந்தக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். பெங்களூருக்குள்ளேயே இருந்த நாங்கள்தான் தவறவிடப் பார்த்தோம்.

வாரா வாரம் போனோம், குழாய்கள் அடங்கின. இப்போது இரண்டு வயது, மைனஸ் 3 கண்ணாடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் உண்டு. காலையில் அந்தக் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிவிடுவது அத்தைதான். வேறு யாரையும் தொடவிடுவதில்லை.