கிட் கிட்டயே கேட்டா போதும்ல

சிங்கப்பூர் ஒன்-நார்த்ல எங்க ஆஃபீஸ்ல ஒரு சின்ன டூல் இருக்கு, ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே டெஸ்ட் சர்வருக்கு தூக்கிட்டுப் போகும், ஆனா கிட் (Git, கோடுல நடக்குற மாற்றத்தையெல்லாம் பதிஞ்சு வைக்குற டூல்) ஒதுக்கி வச்ச ஃபைல் மட்டும் போகக்கூடாது. புதுசா சேர்ந்த தம்பி, "அண்ணே, ஒதுக்க வேண்டிய பேரையெல்லாம் எழுதி வைக்குற கிட்இக்னோர் ஃபைலைப் படிச்சுப் பிரிக்க நானே ஒரு பார்சர் எழுதிடுறேன், எந்தப் பேருக்கும் பொருந்துற நட்சத்திரக் குறி தானே, லஞ்சுக்குள்ள முடிஞ்சிரும்"னாரு. கோப்பி வாங்க இறங்குறப்ப லிஃப்ட்லயே ஆரம்பிச்சுட்டேன்.

நட்சத்திரத்தோட நின்னா பரவால்லப்பா. ஆச்சரியக்குறி போட்டா ஒதுக்கின ஃபைலைத் திரும்ப சேத்துக்கணும், ஆனா அது இருக்குற ஃபோல்டரையே ஒதுக்கியிருந்தா சேக்க முடியாது. ஒவ்வொரு சப்ஃபோல்டர்லயும் தனியா ஒரு கிட்இக்னோர் இருக்கலாம், ஒரே ஃபைலுக்குள்ள கடைசியா பொருந்துற வரிதான் செல்லும், முன்னாடி ஸ்லாஷ் வந்தா கணக்கே வேற, இதுபோக டாட்-கிட் ஃபோல்டருக்குள்ள இன்ஃபோ-எக்ஸ்க்ளூட்னு ஒன்னு, எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொதுவா கான்ஃபிக்ல ஒன்னு, ஏற்கனவே ட்ராக் ஆயிட்ட, அதாவது கிட் கணக்குல சேந்துட்ட ஃபைலை இதுல எதுவுமே தொடாது. லஞ்சாம் லஞ்சு!

இந்த ரூல் அத்தனையும் தெரிஞ்ச ஆளு அதே மெஷின்ல சும்மா உக்காந்திருக்கு. ஃபைல் பேரை வரிசையா சொல்ற 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கமாண்டுக்கு கேஷ்டு, அதர்ஸ், எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்டு ஆப்ஷன் மூணையும் கொடுங்க, அனுப்ப வேண்டிய ஃபைல் லிஸ்ட் கைக்கு வந்துரும். மைனஸ் இசட்டும் சேத்துக்கங்க, இல்லேன்னா தமிழ்ல பேர் வச்ச ஃபைலெல்லாம் மேற்கோளுக்குள்ள ஆக்டல் நம்பரா வந்து நிக்கும்.

"வெளி ப்ரோக்ராமைக் கூப்பிட்டா ஸ்லோ ஆகாதா?"ன்னாரு தம்பி. ஃபைலுக்கு ஒரு தடவை கூப்பிட்டா ஆகும்தான், இங்க மொத்தமே ஒரு தடவை. ஃபைலுக்குள்ள வார்த்தை தேடுற ரிப்கிரெப் டூல் இந்த ரூலையெல்லாம் தானே எழுதி வச்சிருக்கே, அது எப்படின்னு கேக்கலாம். அதுக்கு வேகம்தான் பொழப்பு, கிட் இல்லாத மெஷின்லயும் ஓடணும். நமக்கு அந்தக் கவலையே இல்லையே.

ஆனா மனுஷன் படிக்கிறதுக்காக அச்சாகுற அவுட்புட்டை வெட்டி ஒட்டுற வேலை மட்டும் வேணாம். 'கிட் ஸ்டேட்டஸ்' வேணும்னா போர்சலின் ஆப்ஷனோட ஓட்டுங்க, அந்த வடிவத்தை வெர்ஷன் மாறினாலும் மாத்த மாட்டோம்னு கிட் டாக்குமெண்டேஷனே சொல்லிருக்கு. வேற மெஷினுக்குள்ள நுழைய உதவுற எஸ்எஸ்ஹெச்சோட கான்ஃபிக்கும் இதே கதைதான், ஹோஸ்ட், மேட்ச், இன்க்ளூட்னு நீங்க உக்காந்து அவிழ்க்க வேணாம், எஸ்எஸ்ஹெச் கமாண்டுக்கு பெரிய ஜி (-G) ஆப்ஷனோட ஹோஸ்ட் பேரைக் கொடுத்தா கனெக்ட் பண்ணாமலே கடைசி செட்டிங் எல்லாத்தையும் அச்சடிச்சுட்டுப் போயிரும்.

ஒன்னு விட்டுட்டேன், டிஸ்க்ல அழிச்சுட்டு இன்னும் கிட்ல சொல்லாத ஃபைலும் அந்த எல்எஸ்-ஃபைல்ஸ் லிஸ்ட்ல வரும், அதனால காப்பி பண்றதுக்கு முன்னாடி ஃபைல் இருக்கான்னு ஒரு செக் போட்டுக்கங்க.