திருச்சிராப்பள்ளி என்று ஒரு குடும்பப் பெயர்

இத்தாலி போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. கொலீசியம் எப்படி, பீட்சா எப்படி என்று கேட்கிறவர்களிடமெல்லாம் நான் டாக்ஸ் ஃப்ரீ ஃபாரம், அதாவது வெளிநாட்டுக்காரர்கள் கடையில் கட்டிய வரியைத் திரும்ப வாங்குகிற படிவத்தின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆற்றாமை இன்னும் போகவில்லை.

போகிற ஊரிலிருந்து கொலுவுக்கு ஒரு பொம்மையாவது வாங்கி வருவது எனக்குப் பழக்கம். வெனிஸில் கண்ணாடிதான், அதுவும் முரானோ தீவுக் கண்ணாடி. நகரத்துக்குள் உலை இருந்தால் தீப்பிடிக்கும் என்று பயந்து 1291-இல் உலைகளையெல்லாம் அந்தத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று போனவர்கள் இன்றுவரை அங்கேதான் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹோட்டல் ரிசப்ஷனில், "முரானோவுக்கு இலவசப் படகு இருக்கிறது" என்றார்கள். இலவசம் என்றதுமே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும். படகு நேராக ஒரு தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் விட்டது. உலை பார்த்தோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழலின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு உருண்டை. பெரியவர் இடுக்கியால் அதைக் கிள்ளிக் கிள்ளி இழுக்கிறார், கம்பிப் பதத்துப் பாகை இழுக்கிற மாதிரி. நாலு கால், கழுத்து, பிடரி, வால் எல்லாம் இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டன. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு குதிரை நிற்கிறது. கண்ணுக்கு ஆறிப்போன மாதிரிதான் இருந்தது. ஒரு காகிதத்தை அதன்மேல் வைத்தார், குப்பென்று பற்றிக்கொண்டது. எனக்குக் குதிரைதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்புறம் மாடியில் ஷோரூம். கோட் போட்ட ஒருவர் நிழல் மாதிரி கூடவே வந்தார். 900 யூரோ சொன்ன பூச்சாடி, நாங்கள் படியிறங்குவதற்குள் 450 ஆனது. வாங்கவில்லை என்று தெரிந்ததும், திரும்பிப் போகப் படகு கிடையாது என்றார்கள். வப்பொரெட்டோ என்கிற ஊர்ப் படகுக்கு ஒரு நடைக்கு 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். ஆளுக்கு 25 யூரோ கொடுத்து 24 மணி நேர பாஸ் எடுத்தோம். முதலிலேயே பாஸ் எடுத்துக்கொண்டு நீங்களாகவே போய்விடுங்கள், யாருக்கும் கடமைப்பட வேண்டாம்.

அதே பாஸில் புரானோ என்கிற இன்னொரு தீவுக்கும் ஒரு எட்டு போய் வந்தோம். அங்கே ஊசியாலேயே பின்னுகிற லேஸ் பெயர் போனது. 20 யூரோவுக்கு மேஜை விரிப்பே தொங்குகிறது என்றால் அது கைப்பின்னல் இல்லை, மெஷின். உள்ளங்கை அகலத்துக்கு அசல் வேலை எவ்வளவு நாள் இழுக்கும் என்பதை அங்குள்ள லேஸ் மியூசியத்தில் பார்த்த பிறகு விலை கேட்கவே கூச்சமாகிவிட்டது.

சாயங்காலம் முரானோ திரும்பி, கால்வாய் ஓரமாக நடந்து ஒரு சின்னக் கடையைப் பிடித்தோம். கதவில் 'வெத்ரோ ஆர்டிஸ்டிகோ முரானோ' முத்திரை. வெனெட்டோ மாநிலம் 1994-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த முத்திரை இது, பொருளின்மேல் எண்ணோடு ஒட்டியிருக்கும். 'முரானோ ஸ்டைல்' என்று எழுதியிருந்தால் அது வேறு சங்கதி. அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்போ, அதைத் தேய்த்த அடையாளமோ இருந்தால் கைவேலைக்கு ஒரு சாட்சி. தேன் நிறத்தில் ஒரு குதிரை 210 யூரோ, நாத்தனாருக்குப் பூப்பூவாக வில்லை பதித்த தட்டு 130, ஆக 340. 70 யூரோவுக்கு மேல் போனால் வரி திரும்பக் கிடைக்கும், ஆனால் ஒரே கடையில் ஒரே பில்லாக இருக்க வேண்டும். முன்பு 155 யூரோ வாங்கினால்தான் உண்டாம், 2024 பிப்ரவரியில் குறைத்திருக்கிறார்கள்.

"பாஸ்போர்ட்?" என்றான் கடைப் பையன்.

பாஸ்போர்ட் வெனிஸில், நாங்கள் தங்கியிருந்த கன்னரெஜ்ஜோ பகுதியில், ஹோட்டல் லாக்கரில். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்ததே நான்தான். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். சில கடைகளில் ஏற்றுக்கொள்கிறார்கள், இவன் முடியாது என்றான். ஃபாரம் பில்லோடு சேர்ந்துதான் போட முடியும், நாளைக்கு வாருங்கள், எடுத்து வைக்கிறேன் என்று ஷட்டரை இறக்கிவிட்டான்.

மறுநாள் கிளம்பும்போது பாஸ் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்குப் போக வர 38 யூரோ. "ராஜி, இந்தக் காசுக்கு இன்னொரு குதிரைக்குட்டியே வாங்கியிருக்கலாம்" என்றார் இவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சிக்கலில் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் மாட்டுவார்கள். என் பாஸ்போர்ட்டில் பெயர் ராஜலட்சுமி. சர்நேம் கட்டம் காலி. பையன், "கொன்யோமே?" என்றான், அதாவது குடும்பப் பெயர். இல்லை என்றேன். எல்லோருக்கும் உண்டு என்றான். எங்கள் ஊரில் இனிஷியல்தான் என்று விளக்கினேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் நகரவில்லை. அவனாகவே பாஸ்போர்ட்டைப் புரட்டி ஏதோ தட்டினான், ஃபாரம் வந்துவிட்டது. விட்டால் போதும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். ரோம் ரயிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், சின்யோரா ராஜலட்சுமி திருச்சிராப்பள்ளி. சின்யோரா என்றால் திருமதி. பிறந்த ஊரைக் குடும்பப் பெயராக்கிவிட்டான்!

நீங்கள் செய்ய வேண்டியது: ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடச் சொல்லுங்கள். கடையை விட்டு நகர்வதற்கு முன் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நான் படிக்கவில்லை.

ரோம் ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். எங்களுக்கு துபாய் வழி என்பதால் ஐரோப்பாவை விட்டுக் கிளம்புகிற இடம் ரோம்தான். செக்-இன் கவுன்டரில் டாக்ஸ் ஃப்ரீ என்று சொன்னதும் பெட்டிக்கு டேக் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் பெட்டியை பெல்ட்டில் விட்டுவிட்டால் பொருளைக் காட்ட வழியில்லை. ரீஃபண்ட் கவுன்டர் வரிசையில் ஒரு மணி நேரம். இத்தாலிக் கஸ்டம்ஸ் இதற்கு வைத்திருக்கும் கணினி முறைக்கு ஓடெல்லோ என்று பெயர். எனக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் ஓடெல்லோ உடனே சரி சொன்னது. என் முறை வந்ததும், "டோகானாவுக்குப் போங்கள்" என்றார்கள். டோகானா என்றால் கஸ்டம்ஸ்.

கையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஏழு கிலோவைத் தாண்டும் என்று இவர்தான் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்தேன். மூன்று சுடிதாருக்கும் ஒரு போர்வைக்கும் நடுவில் குதிரை. போகிறவர் வருகிறவர் எல்லாம் என் அழுக்குத் துணியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதிகாரி குதிரையை அரை நொடி பார்த்தார். ஃபாரத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"திரு... சி... ரப்... யார் இது?"

"ஊர், சார்."

பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைக் காட்டினேன். சர்நேம் கட்டத்தைக் காட்டினேன். போர்டிங் பாஸில் என் பெயரே இரண்டு தடவை அச்சாகியிருந்தது, அதையும் காட்டினேன். மூன்று தாளில் மூன்று விதமான நான். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை வாசித்தார்கள். பாஸ்போர்ட் எண் சரியாக இருந்ததால் பிழைத்தேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

340 யூரோவுக்குள் 22 சதவீத வரி 61 யூரோ இருக்கிறது. முழுசும் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், நடுவில் இருக்கும் கம்பெனி கமிஷன் எடுத்துக்கொண்டுதான் தரும். இரண்டு வாரம் கழித்து என் கார்டில் 41 யூரோ ஏறியது. இவர் உடனே படகுக் காசு 38-ஐக் கழித்துக் காட்டினார். மிச்சம் மூன்று.

குதிரை ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்து பீரோவில் நவராத்திரிக்காகக் காத்திருக்கிறது. இவர்தான் காலையில் பேப்பரை மடித்துக்கொண்டு, "சின்யோரா திருச்சிராப்பள்ளி, காப்பி ஆச்சா?" என்று குரல் கொடுக்கிறார்.