பழைய ஃபைபர் படகும் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலும்

1978இல் கட்டப்பட்ட ஒரு ஃபைபர் பாய்மரப் படகைச் சென்ற மாதம் வாங்கினேன். ஃபைபர் மட்காது என்பது உண்மைதான். ஆனால் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்திருக்கும் பால்சா என்ற லேசான மரம் மட்கும். வாங்குவதற்கு முன் மேல்தளம் முழுவதையும் சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடங்களில் ‘டக் டக்’ என்று கணீரென ஒலித்தது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் இறங்குமிடத்தில் ஈரத்துணியைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டது. அங்கிருந்த ஒரு திருகாணியைக் கழற்றியதும் பழுப்பு நீர் கசிந்தது. விற்றவர் அதை மழைநீர் என்றார். மழைநீர்தான், பல ஆண்டுகளாக உள்ளேயே தங்கியிருந்த மழைநீர்.

மேல் அடுக்கை வெட்டியெடுத்து, மட்கிய மரத்தைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டுப் புதிய பால்சாவை எபாக்சி என்ற ஒட்டுப் பிசினில் பதிக்கிறேன். வெட்டிய விளிம்பைத் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 72 மில்லிமீட்டர் சரிவு. இதில் அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. படகின் ஃபைபரிலுள்ள பழைய பாலியெஸ்டர் பிசின் பரப்பின்மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும் என்பதால் அதற்கே கூடுதலாகச் செலவழித்தேன்.

அடிப்பாகத்தில் சில கொப்புளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. படகு கவிழாமல் காக்க அடியில் பொருத்தியிருக்கும் கனமான கீலைப் (keel) பிடித்திருக்கும் போல்ட்டுகளைத்தான் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை.