உப்புக் காற்றில் தூங்கிய சைக்கிள்

2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் இனிப் பெற்றோல் என்று அறிவித்தபோது என் ஸ்கூட்டரில் ஒரு சொட்டும் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகவேண்டும். அன்றிரவே பழைய சைக்கிள் விளம்பரங்களைத் தேடத் தொடங்கினேன். காலையில் கேட்ட விலை மாலையில் இல்லை. ஒரு லுமாலா சைக்கிளுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் காசை நீட்டி உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில், ராமகிருஷ்ண வீதிப் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பின் கீழே நின்ற ஜப்பான் சைக்கிளை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். முன்னால் கூடை, டைனமோ லைட், பின்சில்லில் வட்டப் பூட்டு. சாவி இல்லை. பெல்லை அடித்தேன், பிரேக்கைப் பிடித்தேன், பெயின்ட் மினுங்கியது, முடிந்தது பரிசோதனை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவன் என்ற தலைக்கனம் வேறு.

வீட்டுக்கு வந்துதான் சீற்றை உயர்த்தப் பார்த்தேன். ஆணி கழன்றது, குழாய் அசையவில்லை. முழங்கால் ஹான்டிலில் இடிக்க இடிக்க டாம் வீதி வரை மிதித்தேன். புறக்கோட்டைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. கடைக்கார நானா ஒருநாள் வைத்திருந்து எண்ணெய் விட்டுப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சீற்தான் திரும்பியது.

"தம்பி, இதக் கடலுக்குக் கிட்ட வச்சிருந்தாங்களா?"

கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு நூறு அடியில்தான் நின்றது. சட்டம் இரும்பு, உள்ளே இறங்கும் குழாய் அலுமினியம், இடையில் உப்பு ஈரம். அலுமினியம் மெல்ல மெல்ல அரித்து, கடைசியில் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போகுமாம். வெளியில் பெயின்ட் மினுங்கும். உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்?

அதே கடையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. நான் மலிவாகப் பிடித்து வைத்திருந்த 26 அங்குல டயரை நானா ரிம்மில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த 559ஐக் காட்டினார். என் பழைய டயரில் 590. மலைச் சைக்கிளுக்கும் 26தான், ஜப்பான் கூடைச் சைக்கிளுக்கும் 26தான், ஆனால் விட்டம் 31 மில்லிமீற்றர் வித்தியாசம். பெரிய எழுத்தை நம்பி வாங்கிய டயர் இன்னும் என் பல்கனியில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு சைக்கிள் வாங்கிவிட்டேன், இரண்டும் கடலுக்குத் தள்ளியிருக்கும் மகரகமைப் பக்கம். போனில் முதல் கேள்வி, "எங்கே வைத்திருந்தீர்கள்?" நேரில் போனால் பெல்லைத் தொடுவதில்லை. முதலில் சீற்றை இறக்கி ஏற்றிப் பார்ப்பேன், பிறகு கம்பிகள் ரிம்மில் சேருமிடத்தில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். விற்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

போன வருடம் அந்த ஜப்பான் சைக்கிளை விற்க வேண்டி வந்தது. சீற் கதையைச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு விற்றவர் வாயே திறக்கவில்லையே. ஆனாலும் தெகிவளையிலிருந்து ஓர் ஐயா மனைவியோடு வந்து நின்றபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். கால் அளவாக நிலத்தில் பட்டது. "எனக்கு இதுதான் சரி" என்றார்.

22,000 சொல்லியிருந்தேன். ஐயா 19,000ஐ எண்ணி நீட்டினார்.

"அம்மாவுக்கு அளவாத்தானே இருக்கு, பிறகேன் குறைக்கிறியள்?"

"பழுது பழுதுதானே, தம்பி."