பம்பு டேங்கின் அடியில் ஒரு பித்தளை நிப்பிள்

கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே, ஓடை ஓரத்தில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் கேரட் போட்டிருக்கிறோம். ஓடையிலிருந்து மேல் அடுக்குகளுக்குத் தண்ணீர் ஏற்றுவது ஒன்றரை இஞ்ச் பெட்ரோல் பம்பு. மற்ற மாதங்களில் அது ஒரு நாள் நின்றால் சமாளித்துவிடலாம். ஜனவரியில் முடியாது. இரவு உறைபனி விழுந்து, இலையெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்து அதைக் கழுவிவிட வேண்டும். விட்டால் இலை வதங்கிக் கருகிவிடும். அறுபது நாள் வளர்ந்த பயிர் அது.

சரியாக அந்த நேரத்தில் டேங்க் ஒழுக ஆரம்பித்தது.

கொழுந்தனார் கீழே மேட்டுப்பாளையம் பக்கம் காரமடையில் கிணறு தூர் வாருவதற்காகப் பம்பை வாங்கிப் போயிருந்தார். பத்து நாள் கழித்து பிக்கப் வண்டியில் ஏற்றி அனுப்பினார். சாயங்காலம் இறக்கி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தோம். ராத்திரி குளிருக்குக் கரி அடுப்பு மூட்டப் போன அத்தை, தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, பெட்ரோல் நாத்தம் வருது?" என்று கேட்டார். அந்தக் குச்சியை அவர் உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. மலைக்குளிரில் பெட்ரோல் ஆவி ஆகாது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவு ஆவி கிளம்புவதற்கு, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி இருந்தாலே போதும். நம் ஊர் உறைபனியெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, படியிறங்கி, அடுப்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். அன்றைக்கே பம்பை வீட்டிலிருந்து தள்ளி, திறந்த கொட்டகைக்குக் கொண்டுபோனோம். பிறகு அது தாழ்வாரம் ஏறவில்லை.

காலையில் பார்த்தேன். இரண்டு லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டேங்க். அடியில் ஒரு துளை, துளையில் கறுப்பு ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் செருகிய வளைந்த பிளாஸ்டிக் நிப்பிள், அதாவது டியூப் மாட்டும் சின்னக் குழாய் மூக்கு. அதிலிருந்து கார்புரேட்டருக்கு டியூப் போகிறது. நிப்பிளின் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். துடைத்தால் காய்கிறது, பத்து எண்ணுவதற்குள் மறுபடி ஈரம்.

பம்பு வாங்கிய கடையில், நிப்பிள் தனியாக வராது, டேங்கோடு சேர்த்துத்தான் வரும், அதுவும் கோயம்புத்தூரிலிருந்து வர பத்து நாளாகும் என்றார்கள். பத்து நாள் பனிக்கு யார் பொறுப்பு? இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸி பசை வாங்கி வந்தேன். பெட்ரோலை வடித்து, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, நிப்பிளையும் டேங்கையும் சேர்த்துக் கல்லு மாதிரிப் பூசினேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் விடிகாலை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சொட்டு. நிறுத்திவிட்டு நகத்தால் நெம்பினேன். டேங்கின் அச்சு அப்படியே பதிந்த தனி வில்லையாகப் பசை கையில் வந்தது. டேங்கில் பசையின் சுவடே இல்லை.

பைக்காரா படகுத்துறையில் பல வருடம் மோட்டார் படகு இன்ஜின்களோடு இருந்தவர் எங்கள் சித்தப்பா. அவருக்குப் போன் போட்டேன். முதலில் கேட்டது இதுதான்: "டேங்கு அடியில என்ன போட்டிருக்குன்னு பாத்தியா கண்ணு?" கவிழ்த்துப் பார்த்தேன். முக்கோணத்துக்குள் 2 என்ற எண், கீழே ஹெச்.டி.பி.இ. என்ற எழுத்து. "அது பாலிஎத்திலீன். அதுல சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. தாமரை இலையில தண்ணி மாதிரிதான். படகு இன்ஜின் டேங்குல நாங்க பாக்காததா?" என்றார்.

டேங்க், நிப்பிள் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஒரு வழியும் சொன்னார். டேங்கின் விளிம்பிலிருந்து ஒரு சீவல், உடைந்த நிப்பிளிலிருந்து ஒரு சீவல், இரண்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அழுத்தி விட வேண்டும். டேங்க் சீவல் மிதந்தது. நிப்பிள் சீவல் மூழ்கிவிட்டது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, இந்த மாதிரி நிப்பிள் செய்யும் நைலான் கனம். இனம் வேறு என்பதால் உருக்கிச் சேர்த்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று பிடிக்காது.

உருக்குவது பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியாலோ சால்டரிங் இரும்பாலோ பிளாஸ்டிக் டேங்கை ஒட்ட வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் டேங்கில் செய்யுங்கள். பெட்ரோல் டேங்கில் வேண்டவே வேண்டாம். டேங்க் காலியாக இருக்கிறதே என்று துணியக் கூடாது. பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட வடித்துவிட்ட டேங்க்தான் ஆபத்து, ஏனென்றால் அதற்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. பாலிஎத்திலீன் பெட்ரோலைக் கொஞ்சம் உள்ளே உறிஞ்சியும் வைத்திருக்கும். சோப்புத் தண்ணீரில் நாலு முறை கழுவிய பிறகும் மறுநாள் மூடியைத் திறந்தால் வாசம் வந்தது.

ஆகவே ஒட்டவும் கூடாது, உருக்கவும் கூடாது. மிச்சம் இருப்பது இறுக்கிப் பிடிப்பது. வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு டேங்க் நிப்பிள் போடுகிறோமே, அதே முறை: உள்ளே ஒரு தட்டு, ரப்பர் வாஷர், நடுவில் டேங்கின் சுவர், வெளியே வாஷர், நட்டு. என் உள்ளங்கை அளவு டேங்குக்கு அவ்வளவு சின்னது கடையில் கிடைக்கவில்லை. லேத் பட்டறையில் கேட்டேன். பட்டறைக்காரர் பித்தளையில் ஒரே துண்டாகக் கடைந்து கொடுத்தார். தலைப்பக்கம் 25 மில்லிமீட்டர் வட்டத் தட்டு, நடுவில் மரை, வெளி முனையில் டியூப் செருகுவதற்கு வரிவரியாக நிப்பிள், உள்ளே ஊடுருவும் துளை. தட்டு டேங்கின் வாய் வழியாக நுழைய வேண்டும், அதைக் கடைவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

வாஷர் விஷயத்தில் நான் அவசரப்படாமல் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "சைக்கிள் டியூப்ல வெட்டிப் போடும்மா" என்றார். பஜாரில் நைட்ரைல் ரப்பர் வாஷர் என்று தனியாகக் கொடுத்தார்கள். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் பெட்ரோல் ஊற்றி, கொட்டகையில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் சைக்கிள் டியூப் துண்டு ஊறிய அப்பளம் போலப் பெருத்து, ஓரம் சுருண்டு, கிள்ளினால் பிய்ந்து வந்தது. நைட்ரைல் துண்டு ஏறக்குறைய போட்டபடியே இருந்தது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் பாகங்களைக் கூடுதலாகவே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சிலிகான் பேஸ்ட் தடவலாமா என்றும் சித்தப்பாவிடம் கேட்டேன். அதுவும் பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிடும், அந்தப் பிசிறு கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் நுண்துளையை, அடைத்துவிடும் என்றார். விட்டுவிட்டேன்.

அடுத்த சிக்கல், டேங்கின் வாய்க்குள் கை போகாது. அடியில் இருக்கும் துளைக்குள் உள்ளிருந்து நிப்பிளை எப்படிக் கொண்டுவருவது? இதற்குச் சித்தப்பா சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மெல்லிய கம்பியைக் கீழ்த்துளை வழியாக மேலே செலுத்தி, டேங்கின் வாயில் எடுக்க வேண்டும். வாஷர் கோத்த நிப்பிளின் துளைக்குள் அந்தக் கம்பியை வால் பக்கமாக நுழைத்து, தலைப்பக்கம் வந்ததும் கம்பியின் முனையை வளைத்து முடிச்சாக்கிவிட வேண்டும். பிறகு கீழிருந்து கம்பியை இழுத்தால், நிப்பிள் தானாக டேங்குக்குள் இறங்கி, துளையில் வாலை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். இரண்டாவது இழுப்பிலேயே வந்துவிட்டது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்கு முன்பு பழைய துளையின் ஓரத்தை உருட்டு அரத்தால் வட்டமாக்கி, உள்பக்கப் பிசிறை நீக்கி, சீவல் ஒன்றுகூட உள்ளே தங்காமல் கழுவியிருந்தேன். வாஷர் உட்காரும் இடத்தில் கீறல் இருந்தால் அதன் வழியே கசியும் என்பதால், நைஸ் உப்புத்தாள் போட்டேன். வெளிப்பக்கம் வாஷர், அகலமான பித்தளைத் தகடு, நட்டு. நிப்பிளின் முனையைத் துணி சுற்றிக் குறடால் பிடித்துக்கொண்டு, நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று. அவ்வளவுதான். இதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். பாலிஎத்திலீன் அழுத்தம் கொடுத்தால் மெல்ல மெல்ல இளகி விலகிப்போகும் பொருள். அதனால் முதல் நாளே முறுக்குவதைவிட, மறுநாள் காலை கால் சுற்று, ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று வைப்பதுதான் பலன் தந்தது. மறுநாள் நட்டு நிஜமாகவே தளர்ந்திருந்தது.

சோதனைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தண்ணீர் கசியாத இடத்திலும் பெட்ரோல் கசியும். அதோடு எத்தனால் கலந்த பெட்ரோலில் மிச்சத் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் கலந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், இன்ஜின் இருமும். கோத்தகிரி மூடுபனியில் டேங்கின் உள்பக்கம் காய்வதற்கே இரண்டு நாளாகிறது. அதனால் கால் டேங்க் பெட்ரோலே ஊற்றி, நட்டைச் சுற்றிலும் சாக்பீஸ் தூள் பூசி, கொட்டகையில் ஒரு ராத்திரி விட்டேன். கசிந்த பெட்ரோல் ஆவியாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, சாக்பீஸில் மட்டும் கறை காட்டிவிடும். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தூள் வெள்ளையாக, காய்ந்து, பூசியபடியே இருந்தது.

பழைய நிப்பிளில் சின்ன வலை இருந்தது, பித்தளையில் இல்லை. பைக் கடையில், டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலுக்கென்று இருக்கும் வடிகட்டி ஒன்றை வாங்கி, அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கும்படி டியூப்பில் செருகினேன். டியூப்பையும் மாற்றினேன். பழையது கட்டை மாதிரி விறைத்திருந்தது. அதன் வழியே இன்ஜினின் அதிர்வு முழுக்க நிப்பிளின் கழுத்துக்குப் போயிருக்க வேண்டும். புதியதை இரண்டு விரல் நீளம் கூட்டி, லேசாகத் தொங்கும்படி விட்டேன்.

விறைத்த டியூப் மட்டும் காரணமா என்று சித்தப்பாவுக்குத் திருப்தியில்லை. "கீழேயிருந்து ஏத்தி அனுப்பும்போது மூடியில இருக்கற காத்துத் திருகைத் திறந்து வெச்சாங்களா?" என்று கேட்டார். கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "சிந்தக் கூடாதுன்னு இறுக்கி மூடித்தான் அண்ணி அனுப்பினேன்" என்றார். பாவம், அக்கறையாகச் செய்தது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறப் பலூனாக உப்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் அந்த ஏற்றத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. திருகை மூடிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை, டேங்குக்கும் அதேதான். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 160 கிராம் என்றால் சின்னதாகத் தெரியும். டேங்கின் அடிப்பக்கம் மட்டும் 150 சதுர சென்டிமீட்டர், பெருக்கினால் 24 கிலோ. டேங்க் உப்பிக்கொடுப்பதால் அவ்வளவும் நிற்காது என்றாலும், பிக்கப்பில் வெயில் பட்டு எழும்பிய பெட்ரோல் ஆவியும் சேர்ந்துகொள்கிறது. எல்லாம் போய் அழுத்துவது இருப்பதிலேயே மெலிந்த இடத்தை. சின்னப் படகு இன்ஜின்களின் மூடியிலும் இதே திருகு உண்டு, ஓட்டும்போது திறக்க மறந்தால் பெட்ரோல் இறங்காமல் நடு ஏரியில் இன்ஜின் நின்றுவிடும் என்றார் சித்தப்பா. மலைக்கு அனுப்புவதாக இருந்தால் பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டு, திருகைத் திறந்து வைத்து அனுப்புங்கள்.

இடைப்பட்ட நாட்களில் பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் பம்பை அவர் வேலை முடிந்த பிறகு வாங்கி ஓட்டினேன். மேல் அடுக்கில் ஒரு ஓரம் கருகியதைத் தடுக்க முடியவில்லை. மற்றதெல்லாம் நின்றது. லேத் கூலி, வாஷர், டியூப், வடிகட்டி எல்லாம் சேர்த்து முழு டேங்க் விலையில் பாதிகூட ஆகவில்லை. நிப்பிளின் தட்டு உள்ளே கொஞ்சம் மேடாக இருப்பதால் அடியில் அரைச் செருப்பு கனத்துக்குப் பெட்ரோல் இறங்காமல் நிற்கிறது. மாதம் ஒருமுறை அதைக் கவிழ்த்து வடித்துவிடுகிறேன், அழுக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது.

கேரட் பறித்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விட்டது. மூடியின் காற்றுத் திருகில் சிவப்பு உல்லன் நூல் ஒன்று கட்டியிருக்கிறேன். பம்பை யார் தூக்கினாலும் முதலில் அதைப் பார்க்கட்டும் என்று. மிச்சமான இரண்டு நைட்ரைல் வாஷரும் ஸ்பானர் பெட்டியில் இருக்கின்றன. அடுத்த பனிக்கு முன்னால், மார்கழி பிறக்கும்போது, நட்டைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும்.