குரூப் 4 படிப்பும் குவிந்து கிடக்கும் பிடிஎஃப்களும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாருடைய லேப்டாப்பைத் திறந்தாலும் ஒரே கதைதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடப்புத்தகங்கள், டெலிகிராமில் வந்த நடப்பு நிகழ்வுகள், பழைய வினாத்தாள்கள், யாரோ கையால் எழுதி ஸ்கேன் செய்த குறிப்புகள். பாதி டவுன்லோட்ஸில் கிடக்கும், மீதி டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில். புணர்ச்சி விதிகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஃபைலைத் தேடுவதிலேயே படிக்கிற மனநிலை போய்விடும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படித்த காலத்தில் எனக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளால். ஃபைல் பெயரில் ஒரு பகுதியை அடித்தாலே போதும், கணினியில் அது எங்கே கிடந்தாலும் உடனே வந்து நிற்கும். வாய்ட்டூல்ஸ் தளத்தில் கிடைக்கிறது, விண்டோஸுக்கு மட்டும். பழைய, மெதுவான கணினியிலும் நன்றாக ஓடும். பத்து லட்சம் ஃபைல்கள் இருந்தாலும் சுமார் 75 எம்பி ரேம்தான் எடுக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளின் கணினியில் அவ்வளவு ஃபைல் எங்கே இருக்கப்போகிறது!

இந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு வைத்திருக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பட்டியல் உண்டு. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து பார்ப்பதில்லை, அந்தப் பட்டியலை நேராக வாசித்துப் பெயர்களை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பட்டியலை வாசிக்க அட்மின் அனுமதி வேண்டும். அதனால்தான் நிறுவும்போது 'எவ்ரிதிங் சர்வீஸ்' வேண்டுமா என்று கேட்கும். சரி என்று கொடுத்துவிடுங்கள். நண்பரிடம் வாங்கிய பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32-ஆக இருக்கும், அதில் இந்தப் பட்டியல் கிடையாது. ஆப்ஷன்ஸில் இண்டெக்ஸ், ஃபோல்டர்ஸ் என்று போய் அந்த டிரைவை நாமே சேர்க்க வேண்டும். அல்லது ஃபைல்களைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளலாம், அதுதான் சுலபம்.

முக்கியமான விஷயம், இது தேடுவது ஃபைலின் பெயரைத்தான். வாட்ஸ்அப்பில் இருந்து இறக்கினால் பல நேரம் தேதியும் எண்களுமாக ஒரு பெயர் வரும். அதை அப்படியே விட்டால் எவ்வளவு வேகமான மென்பொருளாலும் பயனில்லை. அதனால் நான் ஃபோல்டர் அடுக்குவதை அடியோடு விட்டுவிட்டு, இறக்கிய கையோடு பெயர் மாற்றுவதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டேன். 'தமிழ் இலக்கணம் 10 புணர்ச்சி', 'வினா குரூப்4 2022', 'வரலாறு 11 பிற்காலச் சோழர்' என்கிற மாதிரி. எல்லாம் ஒரே ஃபோல்டரில் குப்பையாகக் கிடக்கட்டும், பரவாயில்லை. 'வினா 2022' என்றாலும் '2022 வினா' என்றாலும் வந்துவிடும், சொற்களின் வரிசை பிரச்சினையே இல்லை. பெயர் மாற்றாமல் விட்டவை கண்ணில் பட்டால் தேடல் முடிவிலேயே எஃப்2 அழுத்தி மாற்றலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி எழுத்து மாறிவிடும். 'இயக்கம்' என்று தேடினால் 'பக்தி இயக்கத்தின் வளர்ச்சி' வராது. 'இயக்க' என்று நிறுத்திக்கொண்டால் இரண்டும் வரும். 'சோழர்' என்று புள்ளி வைத்துத் தேடினால் 'சோழரின் ஆட்சி' தப்பிவிடும், 'சோழ' போதும். சொல்லை எங்கே வெட்டுவது என்பது இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். மூன்று அரச மரபையும் சேர்த்துப் பார்க்க 'சோழ|பாண்டிய|பல்லவ' என்று நடுவில் கோடு போடலாம். வேண்டாததை ஒதுக்க முன்னால் ஆச்சரியக்குறி. 'இலக்கணம் !10' என்றால் பெயரில் 10 இருக்கிற ஃபைல்கள் எதுவும் வராது.

இன்னொரு சின்ன வித்தை: '(1)' என்று மட்டும் தேடிப் பாருங்கள். ஒரே பிடிஎஃப்பை எத்தனை முறை இறக்கியிருக்கிறீர்கள் என்று தெரியும். அங்கேயே நீக்கலாம், ஆனால் அளவும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். அப்புறம், வியூ மெனுவில் ஃபில்டர்ஸை எடுத்து 'டாகுமென்ட்' வைத்து, டேட் மாடிஃபைடு தலைப்பைச் சொடுக்கினால் சமீபத்தில் சேர்த்தவை மேலே வரும். சேர்த்தது எவ்வளவு, திறந்தது எவ்வளவு என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஃபைலுக்கு உள்ளே இருக்கும் வரிகளைத் தேட இது ஏற்றதல்ல. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக நடக்கும். ஸ்கேன் செய்த வினாத்தாள் என்றால் அதில் இருப்பது எழுத்தே இல்லை, படம்தான். அங்கே தேடி நேரத்தைக் கழிக்காமல், பெயரில் பாடத்தலைப்பைச் சேர்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது கடைசி மாதத்தில் செய்த ஒரு வேலை. குரூப் 4 தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் முதலில் அதை எடுத்துக்கொண்டேன். மறுபடி படிக்க வேண்டிய ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் 'மீள்' என்று சேர்த்தேன். காலையில் 'மீள் தமிழ்' என்று அடித்தால் அன்றைய பட்டியல் தயார். ஒன்றைத் திருப்திகரமாகப் படித்து முடித்ததும் அந்தச் சொல்லை எடுத்துவிடுவேன். தமிழ் முடிந்ததும் 'மீள் வரலாறு', அதற்கடுத்து 'மீள் கணக்கு'. கணக்கில் மட்டும் தேர்வுக்கு முந்தின நாள்வரை ஒன்றிரண்டு மிச்சமிருந்தன, தனிவட்டியும் கூட்டுவட்டியும்.